தினமும் "தங்கம்!" என்று கத்தியவர்

மெர்வ் பெங்கெல்லிக்கு ஓடையில் தங்கத்தைப் போடுவதுதான் வேலை. கோரெல்லா ஹில் என்கிற இந்தச் சுற்றுலாக் காட்சியூரில் நாங்கள் எல்லோருமே பழைய தங்க வேட்டைக் காலத்து ஆட்களாக வேஷம் கட்டிச் சம்பளம் வாங்குகிறவர்கள். நான் தரையைக் கூட்டுகிற பாவாடையோடு ஓடைக்கரையில் மிட்டாய் விற்கிறேன். மெர்வ் சிவப்புச் சட்டையும் நசுங்கின தொப்பியுமாக, கேட் திறப்பதற்கு முன்பே ஓடை மணலில் தங்கத் துகளைத் தூவிவிடுவார். டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் அதைத் தட்டில் அலசி எடுத்து வாயைப் பிளப்பார்கள். தட்டை யார் நிரப்பினார்களோ, அதில் வருவது அவர்களுக்கே. இது எங்கள் ஊர்ச் சட்டம்.

ஒன்றும் கிடைக்காமல் அழுகிற குழந்தைக்கு மெர்வ் ஒரு வழி வைத்திருந்தார். அலசக் கற்றுக்கொடுக்கிற சாக்கில், நகத்தடியில் ஒளித்த துகளை அதன் தட்டில் நழுவவிட்டு, "தங்கம்! தங்கம்!" என்று தெருவே அதிரக் கத்துவார். கூட்டம் கைதட்டும்.

ஆனால் மனுஷனுக்கு நிஜமாகவே தங்கப் பைத்தியம். முப்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் உலோகம் காட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு யூகலிப்டஸ் காட்டுக்குள் போய்விடுவார். கிடைத்ததெல்லாம் ஆணி, தோட்டா, ஒரு பல்செட். ஒரு பருப்பு அளவுக் கட்டிகூடக் கண்ணில் பட்டதில்லை. "சாகுறதுக்குள்ள ஒன்னே ஒன்னு, நோலீன்" என்பார் என்னிடம். சொல்லும்போது சிரிக்கவே மாட்டார்.

போன கோடையில் ஒருநாள் காத்ரி வந்தாள். எஸ்தோனியாப் பெண். திராட்சைத் தோட்டத்தில் பழம் பறித்துக் கறுத்துப்போன கை, முதுகில் அவளைவிடப் பெரிய பை.

"அக்கா, இந்தப் பையை இங்க வச்சுட்டுப் போகட்டா? அஞ்சு மணி பஸ்ஸுக்கு வந்து எடுத்துக்கறேன்."

"வை. உள்ள புருஷன் கிருஷன் ஒளிச்சு வச்சிருக்கியா, இந்தக் கனம் கனக்குது?"

அன்றைக்கு அவள் ஓரிடத்தில் நின்றால்தானே! சுரங்கத்தில் இறங்கினாள், டுல்ஸி ஓட்டுகிற நாலு குதிரை வண்டியில் இரண்டு தடவை ஏறினாள், போலீஸ் வேஷக்காரர் தங்கம் தோண்ட லைசென்ஸ் எங்கே என்று கேட்டு விரட்டியபோது என் மிட்டாய் மேஜைக்கடியில் புகுந்துகொண்டாள். எனக்கே அவளோடு ஓட வேண்டும்போல இருந்தது.

சாயங்காலம்தான் தட்டு கேட்டு வந்தாள். துகள் தூவிய இடத்தையெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் அடைத்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் தள்ளிப்போய், வில்லோ மரத்து வேருக்கடியில் தோண்டித் தட்டை நிரப்பினாள். முதல் தடவை மெர்வ்தான் தட்டை ஆட்டிக் காட்டுவார். வாங்கி ஆட்டினார். சேறு கரைந்தது. அடியில் வெள்ளைக்கல் ஒட்டிய மஞ்சள் கட்டி ஒன்று, மொச்சைக்கொட்டை அளவு.

மெர்வ் தட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். காத்ரிதான் குதித்தாள்.

"பலே ஆளு நீங்க! காலைல அந்தக் குட்டிப் பாப்பா தட்டுல போட்டதைப் பார்த்தேனே! எனக்குப் பெருசாவே போட்டுட்டீங்க!"

"நான் போடலை, கண்ணு. இது தங்கம்! நெஜத் தங்கம்!"

அவர் கத்தினார். கரையில் இருந்தவர்கள் வழக்கம்போலக் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

"நம்பிட்டேன், நம்பிட்டேன்! அடுத்த பாப்பாவுக்கு வச்சுக்கோங்க" என்று கட்டியை அவர் உள்ளங்கையில் அழுத்திவிட்டு, என் கடையிலிருந்து பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

மெர்வ் தட்டுத்தடுமாறி என்னிடம் வந்தார். கட்டியை என் கையில் வைத்தார். அந்தக் கனத்தில் எனக்கும் புரிந்துபோயிற்று.

"பாக்கெட்ல போடுய்யா" என்றேன். "அவளாத்தானே குடுத்தா? யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே" என்று கட்டியைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்து டுல்ஸியின் வண்டியில் ஏறினார். விட்டேனா? பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் தொற்றிக்கொண்டேன்.

"கேட்டுக்கு விடு டுல்ஸி, சீக்கிரம்!"

"குதிரை என்ன பெட்ரோல்லயா ஓடுது?" என்றாலும் அவள் சாட்டையைச் சொடுக்கினாள். தெரு முழுக்க ஜனம் ஒதுங்கி நின்று விசில் அடித்தது. இன்றைக்குக் காட்சி பிரமாதம் என்று நினைத்திருப்பார்கள்.

பஸ் நகரத் தொடங்கியிருந்தது. மெர்வ் குறுக்கே போய் நின்றார்.

"வேஷமெல்லாம் உள்ளயே வச்சுக்கங்கய்யா!" என்று டிரைவர் கத்தியபடி பிரேக் போட்டுக் கதவைத் திறந்தார். மூச்சு இரைக்க மெர்வ் ஏறினார், பின்னால் நான்.

"கண்ணு, இது உன்னோடது. நான் போடலை."

"விடுங்க மெர்வ், நீங்க போடாம எப்படி வந்துச்சு?"

"முப்பது வருஷமாத் தேடுறேன். இப்படி ஒன்னு எங்கிட்ட இருந்திருந்தா, உன் தட்டுல போட்டிருப்பேனா?"

காத்ரி அவர் முகத்தையே பார்த்தாள். அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அப்புறம் ஏன் கொண்டுவந்து தர்றீங்க?"

"தோண்டினது நீ. நான் ஆட்டினேன், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு மூடிய கையை அவளிடம் நீட்டினார். விரல்கள் மட்டும் விரியவில்லை. அவள் தன் கையை அதற்குக் கீழே ஏந்திக்கொண்டு காத்திருந்தாள். டிரைவர் எஞ்சினை அணைத்தார்.