தோசைக் கரண்டியில் ஒட்டிய பெயின்ட்

சில வருடங்களாக ஒரு தோசைக் கரண்டி என் நினைவை விட்டுப் போகாமல் இருக்கிறது. எவர்சில்வர் தகடு, மரக் கைப்பிடி, எந்தத் தமிழ்க் கடையிலும் கிடைக்கிற சாதாரணக் கரண்டிதான். ஆனால் அதன் விளிம்பில் இளமஞ்சள் பெயின்ட் அப்பியிருந்தது. பெயின்டோடு சேர்ந்து கரியைப் போல ஒரு கறுப்பும் ஒட்டியிருந்தது. அதற்குச் சொந்தக்காரர் லண்டனில், செவன் கிங்ஸ் பகுதியில் குடியிருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. எனக்கு உறவில்லை. நான் மலேசியாவில், கிள்ளானில் பிறந்தவன். படிக்க என்று லண்டன் வந்து, படிப்பு முடிந்த பிறகும் பெட்டியைக் கட்டாமல் கவுன்சில் என்கிற நகரசபை வேலையில் ஒட்டிக்கொண்டேன். குளிரும் ஈரமும் ஏறிய வீடுகளைப் போய்ப் பார்த்து, இந்த வீட்டுக்கு அரசு மானியத்தில் குளிர் புகாத சுவர்க் காப்பும் புதிய ஹீட்டிங்கும் போட்டுக் கொடுக்கலாம் என்று அறிக்கை எழுதுவது என் வேலை. அறிக்கையைப் பார்த்துத்தான் கவுன்சில் ஒப்புதல் தரும்.

இந்த மானியம் பெனிபிட் என்கிற அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான் என்று பாதி லண்டன் நினைத்துக்கொண்டிருக்கிறது. எந்தப் பெனிபிட்டும் வாங்காத குடும்பமாக இருந்தாலும், வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு நோய் இருந்து, அந்த வீட்டின் குளிர் அதை மோசமாக்குகிறது என்று கவுன்சில் ஒப்புக்கொண்டால் கிடைக்கும். அக்காவின் குடும்பம் அப்படிப்பட்டது. அவருடைய கணவர் ரொட்டித் தொழிற்சாலையில் மாவுத் தூசிக்குள் காலமெல்லாம் ஷிப்ட் செய்து, கடைசியில் நுரையீரல் கெட்டு வீட்டோடு இருந்தார். அக்கா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தார். பெனிபிட் கேட்டால் அந்தச் சம்பளம் அதிகம் என்றார்கள். வீட்டைச் சூடாக்கப் பார்த்தால் அது போதவில்லை. இரண்டு குளிர்காலம் தொடர்ந்து கணவரை ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டியிருந்தது. இன்னொரு குளிர்காலத்தை அவர் படுக்கும் ஈரமான பின்னறையில் கழித்தால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லி, கவுன்சிலுக்குக் கடிதமும் கொடுத்தார்.

அன்றிலிருந்து அக்கா எங்கள் அலுவலகத்தை விடவில்லை. வாராவாரம் சமையலறை இடைவேளையில் போன் செய்து, எடுப்பது யார் என்று தெரியாமலே ஆங்கிலத்தில் பேசுவார். பின்னால் தட்டுகள் கலகலக்கும். திட்டியதில்லை, அழுததில்லை. எப்போது வருகிறீர்கள் என்ற ஒரே கேள்விதான். பதில் கிடைக்காவிட்டால் நன்றி சொல்லி வைத்துவிட்டு அடுத்த வாரமும் அதையே கேட்பார். அவர் தொல்லை தாங்காமல்தான் கோப்பு மேலே வந்தது என்று சக ஊழியர்கள் சிரிப்பார்கள். எனக்கு அவரைப் பார்க்காமலே பிடித்துப்போயிற்று.

நான் வரும் நாளை அறிவித்து அவருக்குக் கடிதம் போனது. கீழே என் பெயர் இருந்தது. வினையெல்லாம் அந்தப் பெயரால் வந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

மார்ச் மாதக் காலை, வெளியே காது மடல் உறைகிற காற்று. கதவு திறந்ததும் கோடைகாலம் போல ஒரு வெக்கை முகத்தில் அடித்தது. அதோடு சுடச்சுட உளுந்து வடையின் வாசனை; அதற்கும் மேலாகப் புதுப் பெயின்டின் நெடி. கல்யாண வீட்டுக்குப் போகிறவர் போல அக்கா பட்டுச்சேலை கட்டியிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வாங்கோ தம்பி. ஊரிலை எவடம்?” என்றார். “மலேசியாக்கா. கிள்ளான்,” என்றேன். “ஓ, மலேசியாவோ,” என்று இழுத்தார். அந்த இழுப்பில் ஒரு நிம்மதி இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, குறும்பான கண்கள். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை நின்று மூச்சை இழுத்துக்கொண்டுதான் பேசினார். “வடை... சாப்பிடுங்கோ. எனக்கு... தரமாட்டா,” என்றார்.

பின்னறைக்குப் போனதும் எனக்குப் பகீரென்றது. டாக்டரின் கடிதத்தில் சுவர் முழுக்கப் பூஞ்சணம் என்று இருந்தது. என் கண்முன்னே கண்ணாடி போல இளமஞ்சள் சுவர். மூலைக்கு ஒரு ஹீட்டர் சிவந்துகொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கியவை என்பது பார்த்த உடனே தெரிந்தது. வெப்பமானி நல்ல சூடு காட்டியது. ஈரம் அளக்கும் கருவியைச் சுவரில் வைத்தேன். ஈரம் என்றுதான் காட்டியது, ஆனால் காயாத பெயின்டும் ஈரம் என்றுதான் காட்டும். அதை வைத்து ஒன்றும் எழுத முடியாது. “பூசணம் எங்கக்கா?” என்று கேட்டேன். “அது முந்தித் தம்பி. இப்ப ஒண்டும் இல்லை,” என்றார் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு கோபப்பட என்ன இருக்கிறது என்றும் தோன்றியது. விருந்தாளி வருகிறார் என்றால் என் அம்மாவும் கிள்ளானில் அழுக்குத் துணியையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, திரைச்சீலையை மாற்றித்தான் கதவைத் திறப்பார். கடிதத்தில் ஒரு வெள்ளைக்காரரின் பெயர் இருந்திருந்தால் அக்கா ஒவ்வொரு கறையையும் கைபிடித்துக் காட்டியிருப்பார். தமிழ்ப் பெயர் இருந்ததால் வந்த பயம் இது. வருகிறவன் யாருடைய மருமகனோ, யாருடைய தங்கச்சி மகனோ. அவன் பார்த்துவிட்டுப் போனால் வெள்ளிக்கிழமை கோயிலில் இவர்கள் வீட்டுச் சுவர்தான் பேச்சாக இருக்கும். வாராவாரம் கவுன்சிலை உலுக்கிய மனுஷி அந்தப் பேச்சுக்குப் பயந்து, தன் கணவரின் நோய்க்கு இருந்த ஒரே சாட்சியத்தைத் தானே பூசி மறைத்துவிட்டார்.

ஈரம் இருக்கிறது என்று நான் பாட்டுக்கு எழுதியிருக்கலாம். ஆனால் படமும் சேர்த்து அனுப்ப வேண்டும். மேலே பார்க்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை. பெயின்ட் காய்ந்த பிறகு இன்னொரு நாள் வரலாம் என்றால், ஒப்புதலுக்கு அனுப்பும் பட்டியலை அந்த வாரத்தோடு மூடிவிடுவார்கள். அடுத்த பட்டியலில் சேர்ந்து வேலை ஆரம்பிப்பதற்குள் குளிர்காலம் வந்து போயிருக்கும். இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். “வீடு சூடா இருக்கு, சுவரு சுத்தமா இருக்கு. இப்படித்தான் நான் எழுதணும்,” என்றேன். முதலில் அவர் முகம் மலர்ந்தது. மெல்ல மெல்ல அந்த மலர்ச்சி வடிந்தது.

“அப்பிடி எழுதினா?”

“குடுக்க மாட்டாங்கக்கா. நான் பார்க்காதத எழுத முடியாது. பார்த்துட்டா எழுதாம இருக்கவும் முடியாது.”

அவர் சமையலறைக்குப் போனார். அழத்தான் போகிறார் என்று நினைத்து, வடைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தபடி நின்றேன். திரும்பி வந்தபோது பட்டுச்சேலையை இழுத்துச் செருகியிருந்தார். கையில் தோசைக் கரண்டி. நேராகச் சுவரிடம் போய், விளிம்பைக் கொடுத்து ஒரு இழு இழுத்தார். பாலாடை போலப் பெயின்ட் சுருண்டு வந்தது. அடியில் கன்னங்கரேலென்று பூஞ்சணம். இன்னொரு இழுப்பில் சாந்தே பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே விரலை வைத்தேன்; சில்லென்று நசநசத்தது. “போதும்க்கா, படம் எடுத்துக்கிறேன்,” என்றேன். அவர் நிறுத்தவில்லை. “நில்லுங்கோ தம்பி. வடிவாப் பாருங்கோ,” என்று ஜன்னல் மூலையைச் சுரண்டினார். கட்டிலை இழுத்துப் போட்டு அதன் பின்னால் சுரண்டினார். ஹீட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்தார். அலமாரியைத் திறந்து, வெள்ளைப் பொட்டுகள் பூத்த கணவரின் கோட்டை என் முன்னால் விரித்துப் போட்டார். “இதையும் எழுதுங்கோ.”

கதவு நிலையைப் பிடித்தபடி கணவர் வந்து நின்றார். “ரெண்டு நாள்... பெயின்ட் மணத்திலை... இருமினது... வீண்,” என்றார். சிரிக்கப் போனவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அது நிற்கும்வரை அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். “ஆர் என்ன கதைக்கினமோ கதைக்கட்டும் தம்பி. இவர் இல்லாமல் எனக்கு மஞ்சள் சுவர் என்னத்துக்கு?” என்றார். அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்குத்தான் எழுத்து மங்கியது. அந்த அறையில் கண்டதை ஒன்றுவிடாமல் எழுதினேன். அவ்வளவு மனசார நான் வேறெந்த அறிக்கையும் எழுதியதில்லை.

ஒப்புதல் கிடைத்தது, பின்னறைச் சுவருக்கும் ஹீட்டிங்குக்கும் மட்டும். கோடையில் ஆட்கள் வந்து பழைய சாந்தையெல்லாம் கொத்தி எடுத்து, உள்பக்கமாகக் காப்புப் பலகை அடித்து மூடினார்கள். அறை கொஞ்சம் ஒடுங்கிப் போனது, கட்டிலைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது என்று கேள்விப்பட்டேன். இப்போதெல்லாம் லண்டனுக்குள்ளேயே எட்மண்டனில் ஆகட்டும், ரெய்னர்ஸ் லேனில் ஆகட்டும், அங்கே வேலை பார்க்கிற நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தமிழர் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் போன் செய்து, பெயின்ட் அடிக்காதீர்கள், ஹீட்டர் இரவல் வாங்காதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். நானும் சொல்கிறேன். வடை சுட வேண்டாம் என்றும் சொல்வதுண்டு, அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

போன ஜனவரியில், செய்த வேலை எப்படி இருக்கிறது என்று பார்க்க அந்த வீட்டுக்கு மறுபடியும் போனேன். அக்கா பழைய கம்பளிச் சட்டையோடு கதவைத் திறந்தார். கூடத்தில் துணி மடிக்காமல் குவிந்து கிடந்தது. எனக்காக எதையும் ஒளிக்கவில்லை என்பதே மனதுக்கு இதமாக இருந்தது. பின்னறையில் சுவரைத் தொட்டேன். காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. கட்டிலில் சாய்ந்திருந்த கணவர், “மஞ்சள் வடிவாத்தான் இருந்தது தம்பி, நீங்கள் மலேசியா எண்டு முந்தியே தெரிஞ்சிருந்தா இவ அந்தக் காசுக்கு எனக்கு ஒரு கம்பளியாவது வாங்கியிருப்பா,” என்றார். நடுவில் எங்கும் நிற்காமல் சொல்லி முடித்த பிறகுதான் மூச்சை இழுத்துக்கொண்டார். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

தேநீருக்காகச் சமையலறைக்குப் போனபோது கரண்டிகளுக்கு நடுவே அதைக் கண்டேன். விளிம்பில் அதே மஞ்சள், அதே கறுப்பு. “இன்னும் போகலையாக்கா?” என்றேன்.

“தேய்ச்சாப் போகும். நான்தான் தேய்க்கேல்லை. தோசைக்கு வேறை வாங்கீட்டன்,” என்று சொல்லி அதை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு, கவுன்சில் போனில் நான் எத்தனையோ முறை கேட்ட அதே அமைதியான குரலில், இந்த முறை தமிழில் கேட்டார்:

“முன்னறைச் சுவரும் ஈரம் தம்பி. அதுக்கு எப்ப வாறீங்கள்?”