மோகனா அடித்த கம்பி

என் மனைவி மோகனா உரிமம் பெற்ற நில அளவையாளர். ஆம்பூர் சுற்றுவட்டாரத்தில் சர்வேயரம்மா என்றால் தெரியாதவர்கள் குறைவு. நான் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர், பெயர் சூரியபிரகாஷ். இந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. சர்வேயரம்மா வீட்டுக்காரர் என்று சொன்னால் டீக்கடையில் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள். இதில் வருத்தமா என்றால், முதலில் கொஞ்சம் இருந்தது. இடம் கிடைக்கிறதே என்று பிறகு விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை, அவளுக்கு வேலை. மற்ற நாட்களில் நிலத்துக்காரர்களில் பாதிப் பேர் தோல் பதனிடும் டேனரியிலோ கம்பெனியிலோ இருப்பார்கள். இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் வரப்பில் வந்து நிற்க ஞாயிறுதான் தோது. அவள் முக்காலியில் கருவியை நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். நான் தூரத்தில் கண்ணாடி பொருத்திய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "நேரா புடிங்க, சாயுது" என்பாள். கல்யாணமானதிலிருந்து அதைத்தான் சொல்கிறாள், கையில் கம்பம் இல்லாத நேரத்திலும்.

அவளுடைய தொழிலில் கருவி செய்வது பாதி வேலைதான். நிலத்தின் வரைபடமான புலப்படத்தில் உள்ள அளவை வைத்து, எல்லைக்கல் இந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று கருவி காட்டிவிடும். ஆனால் கல் மேலே தெரியாது. பல வருட உழவில், வெள்ளத்தில், மண்ணுக்குள் போயிருக்கும். அப்போது கடப்பாறையை எடுப்பாள். மற்ற சர்வேயர்கள் கூலிக்கு ஆள் வைத்துக் குத்திப் பார்ப்பார்கள். இவள் யாரையும் தொட விடமாட்டாள்.

"மண்ணு, வேரு, ஓட்டாஞ்சில்லு எல்லாம் அதிர்வு கையோட நின்னுடும். கல்லு மட்டும் தோளு வரைக்கும் வரும்" என்பாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அந்தப் பெருமைதான் கடைசியில் அவள் காலை வாரியது.

பாலாற்றை ஒட்டிய ஒரு சின்ன ஊர். தென்னையும் கொஞ்சம் நெல்லும் வைத்திருந்த கோதண்டபாணியின் நிலத்துக்குப் பக்கத்து நிலத்தை, ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் அமீர் பாஷா வாங்கியிருந்தார். கிடங்கு கட்டுவதற்கு முன்னால் சுற்றுச்சுவர் எழுப்ப நினைத்தார். இருவருக்கும் நடுவே இருந்த மூலைக்கல்லைக் காணவில்லை. சண்டை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒருவர் டீ குடிக்க வந்தால் மற்றவர் எழுந்து போய்விடுவார், அவ்வளவுதான்.

கோதண்டபாணியின் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் கிணறுகளுக்குக் குறைவில்லை. ஆனால் டேனரிகளின் உப்பு நிலத்தடியில் இறங்கி, பெரும்பாலான கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, பால் ஊற்றினால் திரிந்துவிடும். என்ன அதிர்ஷ்டமோ, இந்த ஒரு கிணறு மட்டும் தப்பித்திருந்தது. காலையில் ஊர்ப் பெண்களின் குடங்கள் அங்கே வரிசை கட்டும். கோதண்டபாணி ஒருவரையும் தடுத்ததில்லை. அந்தக் கிணற்றுக்கு உடைமைக்காரன் என்பதில் அவருக்கு இருந்த கர்வம் தென்னந்தோப்பில் இல்லை.

அந்த ஞாயிறு, கருவி காட்டிய இடத்தில் மோகனா கடப்பாறையை இறக்கினாள். மூன்றாவது குத்தில் டங்கென்றது. தோளைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். தோண்டினோம். சொரசொரப்பான ஒரு முனை தெரிந்தது. எவ்வளவு நெம்பியும் அசையவில்லை.

"தல உடைஞ்சிருக்கு. ஆனா எடம் இதான்" என்றாள். பிறகு இரும்புக் கம்பி ஒன்றை அந்த முனையின் ஓரத்தில் வைத்து, சம்மட்டியால் அடித்து இறக்கி, தலையில் சிவப்புப் பெயின்ட் பூசினாள். கம்பி கடைசியில் சட்டென்று இளகி உள்ளே போனது.

அப்போது குழியிலிருந்து ஒரு நாற்றம் எழுந்தது. இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வெளியூர்க்காரன் எவனாவது அங்கே நின்றிருந்தால், மூக்கைப் பொத்திக்கொண்டு இது என்ன நாற்றம் என்று கேட்டிருப்பான். அந்தக் கேள்வி ஒன்று போதும், எல்லாம் தப்பித்திருக்கும். ஆனால் அங்கே நின்ற நாலு பேரும் பிறந்ததிலிருந்து டேனரிக் காற்றை இழுத்து வளர்ந்தவர்கள். அமீர் பாஷாவுக்கு அது வியாபார வாசனை, எனக்குக் கம்பெனி வாசனை. எங்கள் மூக்குக்கு அது ஒரு செய்தியே இல்லை. கோதண்டபாணி இளநீர் வெட்டினார், குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மறுநாள் காலையில் மோகனாவுக்குப் போன் வந்தது. பேசியவர் கோதண்டபாணி.

"மேடம், நீங்க அடிச்ச கம்பிகிட்டருந்து தண்ணி பொங்கினு வருது. சீக்கிரம் வாங்க."

அவள் ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தாள். நான் கம்பெனியில் பர்மிஷன் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனேன். கம்பியைச் சுற்றி நீலமும் சாம்பலும் கலந்த தண்ணீர் குமிழியிட்டு வந்துகொண்டிருந்தது. வாய்க்கால் வழியே ஓடி, கிணற்று ஓரத்தில் தேங்கி, கல் இடுக்கில் உள்ளே இறங்கியிருந்தது. அமீர் பாஷா தனக்குத் தெரிந்த டேனரிகளுக்கெல்லாம் போன் போட்டு மோட்டாரை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பொங்குவது நின்றது.

குழாய்ப் பராமரிப்புக்காரர் ஷோயப் வந்து பார்த்து விஷயத்தை விளக்கினார். டேனரிகளின் கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகும் குழாய் அது. நிலத்துக்கு நடுவே விட யார்தான் சம்மதிப்பார்கள்? அதனால் அந்தக் காலத்தில் வரப்போடு வரப்பாகவே பதித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மூலையில் குழாய் திரும்பும் இடத்தில் சுற்றிலும் கான்கிரீட் போட்டிருந்தார்கள். மோகனாவின் தோள் வரைக்கும் வந்தது அந்தக் கான்கிரீட். ஞாயிறு டேனரிகளுக்கு விடுமுறை, குழாய் காலியாகக் கிடந்தது. திங்கட்கிழமை மோட்டார் ஓடியதும் பொங்கிவிட்டது.

பிறகு குழாயைத் தோண்டி எடுத்தபோது எங்கள் எல்லைக்கல்லும் கிடைத்தது. குழாய் பதித்த புண்ணியவான்கள் அதைப் பிடுங்கி, குழாய்க்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

ஷோயப் நல்ல மனிதர். அந்தத் திங்கட்கிழமையே மோகனாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "பழைய லைன் மேடம். ஜாயின்ட் போச்சுன்னு சொல்லிக்கிறேன். நீங்க ஏன் பேஜாராவுறீங்க? கம்பிய எடுத்துட்டா எவனுக்கும் தெரியாது."

கோதண்டபாணி அதைவிடத் தணிந்த குரலில் கெஞ்சினார். "கெணத்துக்குள்ள ஜாஸ்தி போவல மேடம். வெளிய சொல்லாதீங்க. பேரு கெட்டுச்சுன்னா ஒரு கொடம்கூட வராது."

எனக்கும் அவர்கள் சொல்வதே நியாயமாகப் பட்டது. அவளுடைய உரிமம் போய்விடுமோ என்று பயந்தேன். ஆனால் மோகனா அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள். நேராகக் கிணற்றடிக்குப் போனாள். குடங்களை வைத்துக்கொண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். வரிசைக்கு எப்போதும் முதல் ஆளான செல்லம்மாள், டேனரியில் தோல் உலர்த்தும் வேலைக்குப் போகிறவள், கயிற்றைக் கையில் சுற்றியிருந்தாள்.

"இந்தத் தண்ணிய இப்ப எடுக்காதீங்க. டேனரித் தண்ணி உள்ள எறங்கியிருக்கு. நேத்து நான்தான் கல்லுன்னு நெனச்சு கொழாய்ல கம்பி அடிச்சுட்டேன்" என்றாள் மோகனா.

செல்லம்மாள் கையில் சுற்றிய கயிற்றை அவிழ்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

"இந்த ஊர்ல வாயில வைக்கிற மாதிரி இருந்தது இந்த ஒரு தண்ணிதான். அதுலயும் கம்பிய உட்டியா நீ?"

கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் காலிக் குடத்தோடு நடந்தாள். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தார்கள். கோதண்டபாணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நடந்ததை நடந்தபடியே மோகனா நில அளவை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாள். விளக்கம் கேட்டார்கள், கொடுத்தாள், எச்சரித்துவிட்டு விட்டார்கள். அதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. முடியாதது கிணறுதான். அமீர் பாஷா தன் பெரிய மோட்டாரைக் கொண்டுவந்து போட்டார். தண்ணீரை ஒட்ட இறைத்து லாரியில் ஏற்றி அனுப்பினார்கள், ஊறியதும் மறுபடி இறைத்தார்கள். கோதண்டபாணியும் பாஷாவும் கிணற்றுக்குள் குனிந்து ஒன்றாக எட்டிப் பார்ப்பதை ஊரே வேடிக்கை பார்த்தது. அதற்குள் மழையும் வந்தது. மோகனா பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஒரு வழியாக, குடிக்கலாம், முன்பு இருந்த மாதிரியே இருக்கிறது என்று முடிவு வந்தது. நம்பிக்கை வராமல் வேறொரு இடத்துக்கும் அனுப்பினாள். அங்கேயும் அதையே சொன்னார்கள்.

ஊரில் போய்ச் சொன்னாள். ஒருவரும் வரவில்லை. கிணற்றடியில் கோதண்டபாணி தனியாக உட்கார்ந்திருந்தார், போணியாகாத கடைக்காரர் மாதிரி.

"டெஸ்ட்டு தண்ணிக்குதான் மேடம். ஜனங்க மனசுக்கு இன்னா டெஸ்ட்டு இருக்கு?" என்றார்.

அடுத்த ஞாயிறு அளவை வேலை எதையும் மோகனா ஒப்புக்கொள்ளவில்லை. கேன் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினாள், நானும் போனேன். ஊர் பார்க்க வாளியில் இறைத்து, ஒரு சொம்பு மொண்டு அங்கேயே நின்று குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சோதனையில் தேறிய தண்ணீர்தான், எனக்கும் தெரியும். இருந்தாலும் பயம் விடவில்லை. அடுத்து சொம்பை என் பக்கம் நீட்டினாள். வேறு வழியில்லாமல் குடித்தேன். நல்ல தண்ணீர். கேனை நிரப்பி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அன்று பருப்பு மெழுகாக வெந்தது.

ஞாயிறுதோறும் இதே வேலையானது. ஒரு நாள் செல்லம்மாள் கிணற்றடிக்கு வந்து எங்களுக்கு எதிரே நின்றாள். கையில் குடம் இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் குடிக்கறீங்க, பாத்தேன். உன் பொண்ணுக்கும் இதத்தான் குடுக்கறியா?"

எங்கள் மகள் பூர்ணிமா வேலூரில் காலேஜ் படிக்கிறாள், தினமும் வீட்டிலிருந்து போய் வருகிறாள். அவளுக்கு மட்டும் கடைக் கேன் தண்ணீரைத் தனியாக வாங்கி வைத்திருந்தாள் மோகனா. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே எனக்கும் தெரிந்திருந்தது.

"இல்லக்கா" என்றாள் மோகனா.

"அப்ப உனக்கே இன்னும் நம்பிக்க வரல. எங்கள மட்டும் கூப்புடுறே."

அன்று இரவு மோகனா மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. தன் பயத்தையும் சொன்னாள். பூர்ணிமா பார்த்துக்கொண்டிருந்த போனைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"ரிப்போர்ட்ல நல்லாருக்குன்னு வந்துச்சுல்லம்மா? ரெண்டு எடத்துல?"

"வந்துச்சு."

"அப்பறம் இன்னா?" என்றபடி எழுந்து போய்க் கிணற்றுத் தண்ணீர்க் கேனிலிருந்து பிடித்துக் குடித்தாள். குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டு, "கடைத் தண்ணிய விட இது நல்லாருக்கு. என்ன மட்டும் ஏமாத்திட்டீங்க ரெண்டு பேரும்" என்றாள்.

மோகனா அடுப்படிக்குள் போய், இல்லாத வேலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரனுக்குப் போன் போட்டு, இனிமேல் கேன் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அடுத்த ஞாயிறு பூர்ணிமாவும் எங்களோடு வந்தாள். கிணற்றடியில் நின்று அவளும் குடித்தாள். செல்லம்மாள் தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்தாள். கிட்டே வரவில்லை. இது இனி ஆகாது என்று எனக்குப் பட்டது. மோகனாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு ஆற்காட்டுப் பக்கம் ஒரு சாவுக்குப் போக வேண்டியிருந்ததால் போகவில்லை. ஒரு வாரம் விட்டுத்தான் போனோம். ஸ்கூட்டியை வழக்கமான தென்னை மரத்தடியில் நிறுத்தினேன். மோகனா கேனைத் தூக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, எப்போதும் போலக் கிணற்றை நோக்கி நேராக நடந்தாள். எதிரே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

"சர்வேயரம்மா."

கிணற்று மேடையில் கயிற்றைப் பிடித்தபடி செல்லம்மாள் நின்றிருந்தாள். வாளி பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா நேரா உள்ள வர்றே? இத்தினி பேரு நிக்கறது கண்ணு தெரியல? லைன்ல போயி நில்லு."

அப்போதுதான் பார்த்தோம். பிளாஸ்டிக் குடம், எவர்சில்வர் குடம், எண்ணெய் டின் எல்லாம் வாய்க்கால் வரைக்கும் நின்றன. கோதண்டபாணி ஓரமாக உட்கார்ந்துகொண்டு, ஒருத்தி குடத்தை முன்னால் தள்ளிவிட்டாள் என்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மோகனா கேனோடு திரும்பி நடந்து, கடைசிக் குடத்துக்குப் பின்னால் போய் நின்றாள். தோள் குலுங்கியது. அவள் அழுது நான் பார்த்ததில்லை, பதறிப்போய்ப் பக்கத்தில் போனேன்.

முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"நேரா நில்லுங்க, லைன் நகருது" என்றாள்.