கறிவேப்பிலைக்கு ஊற்றிய மோர்

இலை மஞ்சளானால் தண்ணீர் போதவில்லையா, அதிகமாகிவிட்டதா? இன்றும் என் பால்கனித் தொட்டிகளின் முன் இந்தக் கேள்வியோடுதான் நிற்கிறேன்.

நான் மூன்றாவது படித்தபோது ஹெப்பகோடியில் வாடகைக்கு இருந்தோம். அம்மா பிரசவத்துக்கு ஆம்பூரில் பாட்டி வீட்டுக்குப் போகும்போது, பெயிண்ட் டப்பாவில் வளர்த்த கறிவேப்பிலைச் செடியை என் பொறுப்பில் விட்டார்.

"நான் வந்ததும் பத்தியத்துக்குப் பொடி இடிக்கணும். காய விட்டுடாத கண்ணு."

காய விடுவேனா? காலையும் மாலையும் போர் தண்ணீரை ஊற்றினேன். இலைகள் மஞ்சளாயின, நரம்பு மட்டும் பச்சை. பயந்துபோய் இன்னும் ஊற்றினேன்.

வீட்டுக்கார ஆன்ட்டி கன்னடக்காரர். எங்களிடம் தமிழில் பேசுவார். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏனம்மா, செடி வளக்கறியா, மீன் வளக்கறியா?"

ஷிப்ட் முடிந்து வந்த அப்பா மண்ணுக்குள் விரலை விட்டார். அடியில் ஒரே சேறு. அடைத்திருந்த ஓட்டையைக் கம்பியால் குத்திவிட்டார். விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குப் படிந்திருந்தது.

"நம்ம பக்கெட்ல படியற அதே உப்பு."

"புளிச்ச மஜ்ஜிகெ ஊத்துங்க" என்றார் ஆன்ட்டி.

"நமக்கே மோர் இல்ல, செடிக்கா?" என்று முனகியபடியே அப்பா தயிர் வாங்கிவந்து புளிக்க வைத்தார். போர் தண்ணீரின் சுண்ணாம்பு மண்ணில் ஏறினால் வேரால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது என்பதெல்லாம் நான் பிறகு படித்தது. அன்று தெரிந்தது இவ்வளவுதான்: மண் காயட்டும், பிறகு நீர்மோர், பிடித்து வைத்த மழைத்தண்ணீர்.

"அம்மா வர்றதுக்குள்ள பச்சையாயிடுமாப்பா?"

"ஆயிடும். நீ அதையே முறைச்சுப் பாக்காத, அதுக்குக் கூச்சமா இருக்கும்."

துளிர் பச்சையாகவே வந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கிய அம்மாவின் கையில் பை மட்டும் இருந்தது. பறித்து வைத்திருந்த கொத்தை நீட்டினேன். அம்மா அதை மடியில் வைத்து ஒவ்வோர் இலையாகத் தடவினார். பொடி இடிக்கவில்லை.

"பாப்பா எங்கப்பா?"

"அம்மாவுக்குத் தண்ணி கொண்டா."

பாப்பாவை ஆம்பூரில் விட்டிருக்கிறார்கள், நடக்கத் தொடங்கியதும் கூட்டிவருவார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அடுத்த கோடை விடுமுறையில் பாட்டி வீட்டில் கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினேன்.

இப்போது எனக்குக் கைக்குழந்தை இருக்கிறான். அவனைக் குளிப்பாட்டும்போது அம்மா சில நேரம் பேச்சை நிறுத்திவிடுகிறார். பாப்பா பிழைக்கவில்லை என்று வளர்ந்த பிறகு நானே புரிந்துகொண்டேன்; பிறந்தது தம்பியா, தங்கையா என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்டால் அவரை நோகடித்துவிடுவேனா? இல்லை, யாராவது கேட்கட்டும் என்றுதான் இத்தனை வருடமாக இருக்கிறாரா? தங்கள் அம்மாவிடம் இப்படிக் கேட்டவர்கள் இருந்தால், பேச்சை எப்படித் தொடங்கினீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.