மூன்றாவது தரம் அடிக்காத மணி

சித்தி அளவுக்கு மூச்சைப் பற்றித் தெரிந்த ஆள் இந்த அண்டசராசரத்தில் கிடையாது. மரங்களுக்கே சந்தேகம் வந்தால் சித்தியிடம்தான் கேட்கும். புயல் கிளம்பும் முன் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பும்.

சரி, கொஞ்சம் இறக்கிச் சொன்னால், விண்கலத்தில் போகிறவர்களுக்காகத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி ஆக்சிஜன் பிரிக்கும் பெட்டி ஒன்று உண்டு. அதை ஆய்வுக்கூடத்தில் ஓட்டிப் பார்க்கும் டெக்னீஷியன் சித்தி. விண்வெளியில் குமிழிக்கு எது மேல், எது கீழ் என்று தெரியாது. பிறந்த தகட்டிலேயே ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கும். அக்கா வீட்டோடு இருக்கிற சித்திக்கு, காலையில் எழுப்பினாலும் படுக்கையை விட்டு எழாத அக்கா மகளால் இந்தக் குணம் நல்ல பழக்கம். தண்ணீர் ஓடும் தடத்தை நெளித்து, அந்த ஓட்டமே குமிழியை நெட்டித் தள்ளும்படி வைத்தாள். நாலு வருஷ உழைப்பு.

பரீட்சையில் பெட்டி தலைகீழாகத் தொங்கியபடி தொண்ணூறு நாள் ஓட வேண்டும். அதற்குள் ஹைட்ரஜன் கசிவு மணி மூன்று தரம் அடித்தால் நெளிவுத் தடத்தைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். எண்பத்தேழு நாள் மணி மூச்சு விடவில்லை.

எண்பத்தெட்டாம் நாள், ஜலதோஷத்தில் அடைத்த மூக்கோடு சித்தி பெட்டிப் பக்கம் குனிந்தாள். மணி அலறியது. தேடினார்கள், கசிவு இல்லை. டீ குடித்துவிட்டு வந்து மறுபடி குனிந்தாள். மறுபடி அலறல்.

"உன் தடத்துலதாம்மா எங்கயோ ஓட்டை. இன்னொரு தரம் அடிச்சா அவ்வளவுதான்" என்றார் தலைமை இன்ஜினியர்.

சித்தி பெட்டியை விட்டு இரண்டடி தள்ளி நின்றாள். "சார், நான் கிட்ட போனா மட்டும்தான் அடிக்குது."

"அடிக்காம? நாங்களே மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிறோம்" என்றாள் ஸ்டோர்காரி. "ஏங்க்கா, இன்னைக்கு சென்ட்லயே குளிச்சீங்களா?"

சித்தி கோட்டுக் காலரைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். சென்ட்டில் இருக்கிற ஸ்பிரிட் ஆவியும் மணியை அடிக்க வைக்கும் சென்சாருக்கு ஹைட்ரஜன் மாதிரிதான். கோட்டைக் கழற்றிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடி, உதிரி சென்சார் முன்னால் ஆட்டினாள். அது ஊரைக் கூட்டியது. பிறகு ஸ்டோர்காரியின் கோட்டை மாட்டிக்கொண்டு பெட்டிப் பக்கம் குனிந்தாள். ஊருக்கே மூச்சு செய்கிறவள் தான் மூச்சு விட மறந்து நின்றாள்.

மணி அடிக்கவில்லை. இன்ஜினியர் பழைய இரண்டு மணியையும் பதிவிலிருந்து நீக்கிவிட்டார். தொண்ணூறாம் நாள் பெட்டி தேறியது.

சென்ட் எப்படிக் கொட்டியது? வீட்டில் கோட்டு மாட்டும் ஆணிக்கு மேலேதான் சென்ட் அலமாரி. பூனைதான் பாட்டிலைத் தட்டிவிட்டிருக்கும். பாவம், வாயில்லா ஜீவன். அன்று சாயங்காலமே கோட்டை இரண்டு தரம் அலசி, மடிப்புக் கலையாமல் ஆணியில் மாட்டியிருந்தது.

இதுவரைக்கும் தோளுக்குப் பின்னால் நின்று படித்த சித்தி, இதை எழுதிக்கொண்டிருந்த அக்கா மகளின் காதைப் பிடித்தாள்.

"பூனை பாட்டிலைத் தட்டும், ஒத்துக்கறேன். இஸ்திரி கூடவாடி போடும்?"