தடித்த அழிகள்

ஸ்ரீவராகத்தில் இருக்கும் எங்கள் வீட்டுப் பழைய மர ஜன்னலைச் சீராக்க வந்த ஆசாரி, இறுகிப்போன கதவைச் சுத்தியலால் அடித்தார். என் விரல்கள் தாமாக மடங்கின.

அன்று எனக்கு எட்டு வயது. தெருவில் நின்றவனோடு அத்தை இதே ஜன்னல் வழியே பேசிக்கொண்டிருந்தாள். "மானத்தை வாங்கறியாடி?" என்று கத்தியபடி, சட்டத்தில் ஊன்றியிருந்த அவள் விரல்கள்மேல் அப்பா கதவை அறைந்து சாத்தினார். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாள் அப்பா வாசலைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனதும், அத்தை இடது கையால் கோடாலியை வீசி, ஜன்னலில் கம்பிகளுக்குப் பதிலாக நின்ற மர அழிகளில் இரண்டைப் பிளந்து வெளியே குதித்தாள். திரும்பவே இல்லை.

"இந்த ரெண்டு அழி மட்டும் பின்ன வச்சதாக்கும். தடி கூடுதல். எடுத்திரட்டுமா அக்கா?" என்றார் ஆசாரி.

அத்தை போன பிறகு அப்பா போட்டவை. அப்போது அந்த வீட்டில் மிச்சமிருந்த பெண்பிள்ளை நான்தான்.

"நானே எடுக்கறேன்" என்று சுத்தியலைப் பிடுங்கி ஓங்கினேன்.