ராத்தாவிடம் கேட்ட கேள்வி

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு வாய்த்த முதல் மாணவிகள் இருவருமே என்னைவிட மூத்தவர்கள். ஒருவர் கல்முனையில் ஆசிரியையாக இருந்த என் ராத்தா, என் மூத்த சகோதரி. மற்றவர் அவரோடு படிப்பித்த, பாண்டிருப்பைச் சேர்ந்த டீச்சர். பட்டம் பெற்றுப் பல வருடங்கள் கழித்து இருவருக்கும் முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. முதல் தவணையிலேயே ஆய்வு முறையியல் என்றொரு பாடம். இருவரும் அதை முன்பு படித்ததே இல்லை. நான் அப்போது இன்னும் வகுப்பெடுக்கத் தொடங்காத உதவி விரிவுரையாளன்; லீவில் ஊருக்கு வந்திருந்தேன்.

"தம்பி, லீவு முடிஞ்சு போறத்துக்கு முந்தி எங்களுக்குக் கொஞ்சம் சொல்லித் தா," என்றார் ராத்தா.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, ராத்தா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வகுப்பு. கருதுகோள், மாதிரியெடுப்பு எல்லாம் ஒருவாறு பிடிபட்டன. நேர்காணலுக்கு வந்தபோது ஒருவரையொருவர் பேட்டி காணச் சொன்னேன்.

"கேள்விக்குள்ளேயே பதில வைக்காதீங்க. அவங்க சொல்லி முடிச்சாலும் கொஞ்சம் பொறுத்திருங்க."

டீச்சர் தொடங்கினார். "பட்டம் எடுத்த பிறகு ஏன் மேல படிக்கல்ல?"

"கலியாணம், புள்ளைகள்... வேறென்ன?" ராத்தா சிரித்தார்.

நான் சொன்னபடியே டீச்சர் பொறுத்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"கலியாணத்துக்கு முந்தியே ஒருக்கா இடம் கிடைச்ச. அந்த நேரம்தான் உம்மா படுக்கையில விழுந்த. தம்பிக்குக் கடைசி வருசச் சோதினை. அறிஞ்சா எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்திருவான். நான் போகல்ல."

நான் சோதனை முடித்து வந்தபோது உம்மா எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார். சின்னக் காய்ச்சல் என்றுதான் எனக்குச் சொன்னார்கள்.

"ஏன் ராத்தா, எனக்கு ஒரு சொல்லும் சொல்லல்ல?"

"சொல்லி என்ன? நீ பாஸ் பண்ணின, உம்மாவும் எழும்பிட்டா. எனக்கு அது போதும்."

டீச்சர் தயங்கினார். "இத எழுதவா?"

"ஓம், எழுதுங்க டீச்சர். நல்லாத்தான் கேட்டீங்க."

அதற்குமேல் எனக்குப் பாடம் நடத்த வரவில்லை. குசினிக்குப் போய்த் தேத்தண்ணீர் போட்டேன். சீனி கூடிவிட்டது. இருவரும் முகம் சுளிக்காமல் குடித்தார்கள்.

இருவரும் அந்தப் பாடத்தில் சித்தியடைந்தார்கள். பள்ளியை இடையில் விட்ட பெண்களைப் பற்றியே ராத்தா தன் ஆய்வைச் செய்தார். இன்னொரு லீவில் ஒருநாள் நாவிதன்வெளியில் அப்படியொரு பெண்ணின் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். அந்தப் பெண் நெடுநேரம் கதைத்தார், கொஞ்சம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ராத்தாவின் கையைப் பிடித்தார்.

"இருங்க டீச்சர், சோறு ஆக்கிட்டன். சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."