ஸ்டீயரிங் ராக்கும் மாடி அறையும்

எல்லாம் ஒரு கல்லால் வந்தது. மண்டகப்பட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பாதையில் கிடந்த கருங்கல் என் காரின் அடியில் இடித்துத் தொலைத்தது. எஞ்சின் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டி, சம்ப் என்போம், அதில் விரிசல். விழுப்புரத்தில் என் வீட்டு ஷெட்டுக்குள் வண்டியை ஏற்றும்வரை வழியெல்லாம் சொட்டிக்கொண்டே வந்தது.

திண்டிவனத்தில் இருக்கிற என் மகளிடம் போனில் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வேறு என்ன பேச இருக்கிறது? அவள் அம்மா போனதிலிருந்து அவளுக்கு ஒரே பாட்டு.

"வண்டிய வித்துட்டு, வூட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடுப்பா. மாடி ரூம் சும்மாதான கெடக்குது. தனியா அங்க இன்னா பண்ணிக்கினு இருக்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவனை ஏதோ பழைய சாமான் மாதிரி மாடியில் ஏற்றப் பார்க்கிறாளே!

"இத பாரும்மா, இந்த வண்டிய நானே பிரிச்சு, நானே மாட்டி, உன் வூட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தறேன். நிறுத்திட்டா நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. முடியலன்னா மூட்டையக் கட்டிக்கினு நானே வந்துடறேன்."

"சரி, பாக்கலாம்" என்று வைத்துவிட்டாள். என் மகள்தானே, வீம்புக்குக் குறைச்சலா?

வாய்ச்சவடால் விடுவது சுலபம். என் காரில் சம்பைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் ஸ்டீயரிங் ராக்கை இறக்க வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்கிற நீள இரும்பு அது. சம்பை மறைத்துக்கொண்டு குறுக்கே கிடக்கும். அதைப் பிரித்துவிட்டால் ஸ்டீயரிங் வீல் எதனோடும் சேராமல் தன்பாட்டுக்குச் சுற்றும். அப்படிச் சுற்ற விடவே கூடாது. உள்ளே ஒரு மெல்லிய நாடா சுருண்டிருக்கிறது. ஹாரனுக்கும் ஏர்பேகுக்கும் கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது. அளவுக்கு மேல் சுற்றினால் அறுந்துவிடும். அதனால் கிழிந்த வேட்டி ஒன்றை எடுத்து வீலைச் சீட்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன்.

ராக்கை இறக்குவது இரண்டு பேர் வேலை. ஆலையில் ஒருவன் தாங்குவான், ஒருவன் கழற்றுவான், மூன்றாமவன் நின்று கதை பேசுவான். இங்கே நான் மட்டும் மல்லாந்து படுத்துக்கொண்டு கழற்றினேன். கடைசி போல்ட் வந்ததும் ராக் என் நெஞ்சின்மேல் இறங்கியது. "அந்த லைட்ட கொஞ்சம் இப்டி காட்டு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். யாரிடம்? என் மனைவி இருந்தபோது, "உங்களுக்கு லைட்டு புடிச்சே என் கை போச்சு" என்று திட்டிக்கொண்டே காட்டுவாள். சொல்வதற்கென்ன வெட்கம், இரும்பை நெஞ்சில் வைத்துக்கொண்டு அங்கேயே அழுதேன்.

ஆயுத பூஜை அன்று காலை, வெல்டிங் கடைக்காரர் கடையை மூடிப் படைப்பதற்குள் ஓடிப்போய், விரிசலை அடைக்கக் கொடுத்திருந்த சம்பை வாங்கிக்கொண்டு வந்தேன். ஷெட்டுக்குள் நுழைந்தால் கண்ணாடியில் பட்டை பட்டையாய் விபூதி, பானெட்டில் மாலை. தரையில் கிடந்த ராக்குக்குக்கூடச் சந்தனம், குங்குமம். எதிர்வீட்டு அம்மா ஈரத்துணியோடு நின்றுகொண்டிருந்தார்.

"பொம்பள இல்லாத வூடு, யாரு பொட்டு வப்பாங்கன்னு நானே வச்சிட்டேங்கண்ணா."

நன்றி சொல்ல வாயெடுத்தவன் காருக்குள் பார்த்தேன். வேட்டியைக் காணோம். ஸ்டீயரிங் பளபளவென்றிருந்தது.

"ஐயையோ! கட்டியிருந்த வேட்டி எங்கம்மா?"

"நல்ல நாளும் அதுவுமா கிழிஞ்ச துணிய கட்டி வச்சினு கீறீங்களேன்னு அவுத்துட்டேன். நல்லா சுத்திச் சுத்தித் தொடச்சேங்க. இன்னா லேசா சுத்துது உங்க வண்டி!"

"எத்தினி சுத்து சுத்துன?"

"தொடைக்கறப்ப யாருங்க எண்ணுவாங்க?"

கத்திவிட்டேன். என் பொழப்பையே கெடுத்துட்டியேம்மா, உனக்கு இன்னா பேஜாரு இது என்றெல்லாம் கத்தினேன். ஸ்பானரையாவது எடுத்துப் பார்க்கலாமென்று தேடினால் அதுவும் இல்லை. எல்லாவற்றையும் தன் வீட்டுச் சாமி முன்னால் அடுக்கி வைத்திருந்தார். படைத்த ஆயுதத்தை மறுநாள் பூஜை முடிகிறவரை தொடக் கூடாதாம். அந்த நாள் முழுக்க அவர் கொடுத்த பொரியைக் கொறித்துக்கொண்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். தோற்றுவிட்டோம், மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று தோன்றியது. ஆத்திரத்துக்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

மறுநாள் ஸ்பானர்களோடு அந்த அம்மாவே வந்தார், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

"நான் இன்னா பண்ணணும்னு சொல்லுங்க, பண்றேன்."

வீலை விரலால் மெல்லத் திருப்பி, ஒரு கோடியில் நாடா முட்டுகிற இடம் பார்த்து, மறுகோடிவரை எண்ணி, பாதிக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். நாடா அறுந்திருக்கவில்லை. சம்பை மாட்டியபின் அவரைச் சீட்டில் உட்கார்த்தி, "உசுரே போனாலும் வீல ஆட்டாத" என்றேன். அவர் மூச்சைக்கூட விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, நான் கீழேயிருந்து ராக்கை ஏற்றினேன். ஹாரன் அடித்தது. அவர் கைதட்டினார். வேலை முடிந்ததும் குழம்பு அடுப்பில் இருக்கிறது என்று ஜல்தியாகப் போய்விட்டார்.

அலைன்மென்ட் பார்த்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்துக்கு ஓட்டினேன். வண்டி நேர்கோட்டில் போனது. மகள் வாசலுக்கு வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஜெயிச்சிட்டப்பா. பெரிய ஆளுதான் நீ."

சாப்பிடும்போது சொன்னாள்: "மாடி ரூம ஒரு டீச்சர் வாடகைக்குக் கேட்டுக்கினே கீறாங்க. உனக்காகத்தான் குடுக்காம வச்சிருந்தேன். குடுத்துடட்டுமா?"

"குடும்மா. சும்மா ஏன் பூட்டி வக்கிற?"

கை கழுவியவன் மெதுவாக மாடிக்கு ஏறிப் பார்த்தேன். ஜன்னலோரம் புதுக் கட்டில். பாத்ரூமில், வழுக்கினால் பிடித்துக்கொள்ள, சுவரில் ஒரு கம்பி பதித்திருந்தாள். என் உயரத்துக்குச் சரியாக இருந்தது. அதைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

கீழே வந்து காபி குடித்தேன். இன்னொரு காபியும் கேட்டு வாங்கிக் குடித்தேன். 'பந்தயம் கெடக்குது, வந்துடுப்பா' என்று இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் சரி என்றிருப்பேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற பெண். அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.